தாத்தா மிதித்த பெட்டி

"அவர் அஞ்சு கட்டையில பாடுவார்"னு பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்தக் 'கட்டை' எது என்று யோசித்திருக்கிறீர்களா தோழிகளே? ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்துப் பாடினால் ஒரு கட்டை. ஐந்தாவதை 'ச' என்று வைத்தால் ஐந்து கட்டை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டுமே! அதனால்தான் நாடக மேடையில் அவ்வளவு உயர்த்திப் பாடினார்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது, எங்கள் வீட்டுப் பரணில் சாக்கு போட்டு மூடிக் கிடந்த ஒரு கால் ஆர்மோனியத்தால்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி போகும் வழியில் இருக்கிறது எங்கள் தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெட்டி அது. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று யார் கேட்டாலும், "பாட்டு வாத்தியார்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாங்க.

போன வருஷம் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து நல்ல விலை பேசினார். "குடுத்துரலாம்க்கா, இடத்தை அடைக்குது" என்றான் தம்பி. எந்தக் காலத்துப் பெட்டி என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று, ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்தேன்.

பலகையைக் கழற்றி அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். காலால் மிதித்தால் துருத்தியில் காற்று ஏறும். கட்டையை அழுத்தினால் அந்தக் காற்று பித்தளை நாக்கை அதிரவைக்கும். நீள நாக்குக்குக் கனத்த குரல், குட்டை நாக்குக்குக் கீச்சுக்குரல். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆர்மோனியம் 1840-களில் பாரிஸில் பிறந்ததாம். கையால் துருத்தி அழுத்தி, தரையில் உட்கார்ந்து வாசிக்கும் சின்னப் பெட்டியைப் பிறகு கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் பிரபலமாக்கினார். நம் ஊர் நாடகக்காரர்களோ காலால் மிதிக்கும் பெட்டியை விடவில்லை. இரண்டு கையும் வாசிக்கக் கிடைக்குமே!

துருத்தியில் ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால், அது ஒரு நாடக நோட்டீஸ்! வள்ளி திருமணம். நடிகர்கள் பெயருக்குக் கீழே, 'ஆர்மோனியம், பின்பாட்டு' என்று போட்டு, ஊர்ப் பெயரோடு எங்கள் தாத்தா பெயர். தேதி கிழிந்துபோய், 'பார்த்திப வருஷம் பங்குனி' மட்டும் மிஞ்சியிருந்தது. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் அல்லவா? 1886, 1946, 2006 மூன்றில் ஒன்றுதான். தாத்தாவின் வயதுக்கு 1946 தவிர வேறு பொருந்தாது. டிக்கெட் விலையும் அணாக் கணக்கில் இருந்தது. புதுப் பைசா வந்தது 1957-ல்தானே.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த நாடகங்களை வைத்து நடந்தவை ஸ்பெஷல் நாடகங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஆளுக்கொரு சுருதி. அத்தனை பேரையும் விடியவிடிய இழுத்துப் பிடித்துக் கொண்டுபோவது ஆர்மோனியக்காரர்தான். நமக்குப் பக்கத்துச் செங்கோட்டை கிட்டப்பாவுக்கு (1906–1933) அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்திருக்கிறார்.

நோட்டீஸை அம்மாவிடம் காட்டினேன். எண்பதைத் தாண்டிய அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாங்க: "கூத்தாடி பேத்தின்னு சொல்லி உங்களைக் கட்டமாட்டேன்னுட்டா என்ன செய்றது? அதான் வாத்தியார்னு சொல்லிவச்சேன். இந்தப் பெட்டியை மிதிச்சுத்தான்டி எங்க நாலு பேரையும் வளர்த்தாரு."

ஆர்மோனியத்துக்கும் இந்த ஒதுக்கல் இருந்திருக்கிறது. கமகம் வராது என்று வானொலி 1940-ல் அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தளர்த்தியது. தாத்தா வாசித்த அந்தப் பங்குனி ராத்திரி, ரேடியோவில் ஆர்மோனியத்துக்கு இடம் கிடையாது. கிராமத்து மேடையிலோ அது இல்லாமல் நாடகமே கிடையாது!

பெட்டியை விற்கவில்லை. துருத்திக்குப் புதுத்தோல் போட்டாயிற்று. நோட்டீஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசற்கூடத்தில் மாட்டியவன் என் தம்பிதான். சம்பந்தி வீட்டார் வந்து யார் என்று கேட்டபோது, "எங்கப்பா. நாடகத்துல ஆர்மோனியம்" என்று அம்மாவே சொன்னாங்க.

தோழிகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் விலை பேசும் முன் திறந்து பாருங்கள். கட்டைகளுக்கு மேலே கம்பெனிப் பெயர் இருக்கலாம். அமெரிக்காவின் எஸ்டே போன்ற கம்பெனி என்றால் வரிசை எண்ணை வைத்தே வருஷத்தைக் கணிக்கலாம். ஒட்டுப்போட்ட காகிதத்தையும் பென்சில் கிறுக்கலையும் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகி, தேவதானம்