சாமானியர் கைக்கடிகாரம்

இருமலால் வாடும் ஒரு சிறு குழந்தையைத் தாயின் மடியில் கிடத்திவிட்டு, கிராம சுகாதார ஊழியர் ஒருவர் அதன் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுகிறார். ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். இரண்டு மாதம் நிறைந்து ஓராண்டு நிறையாத குழந்தை நிமிஷத்திற்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுமானால், அல்லது ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை 40 தடவையோ அதற்கு மேலோ விடுமானால், அது நிமோனியாவாக இருக்கக்கூடும் எனக் கொண்டு உடனே சிகிச்சைக்கு வழி செய்தல் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள விதி. இந்தப் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம் போதும். மழைமானியைத் தினந்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிப்பவருக்கும், பரீட்சை மண்டபத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் அதே கருவிதான் துணை. அக்கருவி மலிவான விலையில் கிடைப்பது ஊழியரின் சௌகரியத்தை மட்டும் பொறுத்த விஷயமன்று; கடிகாரம் இல்லாத கையால் மூச்சை எண்ணினால் எண்ணிக்கை பிழைபடும், சில வேளைகளில் குழந்தையின் உயிருக்கே அது ஆபத்தாய் முடியும்.

ஆயினும் நெடுங்காலம் வரை கடிகாரம் செல்வர் பொருளாகவே இருந்தது. 1675-இல் ஹைகன்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானி நுண்ணிய சுருள்வில்லைச் சக்கரத்துடன் பிணைத்துக் கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைக்குமளவு நம்பகமானதாக்கினார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் வரையிலும் ஒவ்வொரு கடிகாரமும் தேர்ந்த கைவினைஞரின் உழைப்பிலேயே உருவாயிற்று. உழைப்பவனுக்கென்றே ஒரு கடிகாரம் செய்யவேண்டும் என்று முனைந்தவர் சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ராஸ்கோப். உறுப்புகளைக் குறைத்து, அமைப்பை எளிதாக்கி, விலை மதிப்புள்ள கற்களுக்குப் பதில் எஃகு ஊசிகளை வைத்து, 20 ஃபிராங்க் விலையில் 1867-இல் அவர் கடிகாரத்தை வெளியிட்டார். கடிகாரத் தொழிலில் இருந்த பெரியோர் பலர் அதைப் பரிகசித்தனர். கூலித் தொழிலாளர் வாங்கினர். அமெரிக்காவில் இங்கர்சால் சகோதரர்கள் 1896-இல் ஒரு டாலருக்குப் பைக்கடிகாரம் விற்று அதே வழியைப் பின்பற்றினர். பைக்கடிகாரம் கைக்கு ஏறியது முதல் உலகப் போரின்போது. பதுங்கு குழியில் துப்பாக்கி ஏந்திய போர்வீரன் பையினுள் கையிட்டு நேரம் பார்க்க இயலாது அல்லவா!

கடைசல் யந்திரத்திலிருந்து கடிகாரம்

நம் நாட்டில் பழைய தலைமுறையினர் கையில் இருந்தவை வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர்-லூபா முதலிய சுவிட்சர்லாந்துக் கடிகாரங்கள். சுதந்திரத்திற்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: கடிகாரங்கள் கள்ளத்தனமாகக் கடல் வழியே வரலாயின. சட்டப்படி வாங்க விரும்பிய பள்ளி ஆசிரியருக்கு விலை எட்டவில்லை.

இந்நிலையில் பாரத சர்க்காருக்குச் சொந்தமான ஒரு தொழிற்சாலை இத்துறையில் இறங்கிற்று. 1953-இல் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்பதே அது. எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்தால் பின்னாளில் நாடெங்கும் அறியப்பட்ட இந்த ஸ்தாபனம் முதலில் செய்தது கடைசல் யந்திரங்களை. கடைசல் யந்திரம் செய்பவர் கடிகாரம் செய்யப் புகுந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். உண்மையில் அது இயல்பான வளர்ச்சியே. கடிகாரத்தின் அச்சுகளும் பற்சக்கரங்களும் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் ஓடமாட்டா. அத்தகைய நுட்பத்தில் உலோகத்தைக் கடைந்தெடுக்கும் பழக்கம் யாரிடம் உள்ளதோ அவரே கடிகாரத்தையும் செய்யத் தகுதியுடையவர்.

1961-இல் ஜப்பானின் சிட்டிஸன் கடிகார நிறுவனத்துடன் ஒத்துழைப்பு ஏற்பட்டது. பெங்களூர்த் தொழிற்சாலையில் உருவான முதல் தொகுதிக் கடிகாரங்களை 1963-இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று பின்னர் வந்த பெயர்களைப் பார்த்தாலே இவை யாருக்காகச் செய்யப்பட்டன என்பது விளங்கும். முகப்பில் தேவநாகரி எழுத்தில் பெயர் பொறித்த கடிகாரங்களும் உண்டு. கண்பார்வை இழந்தோர் மூடியைத் திறந்து விரலால் முட்களைத் தடவி நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரமும் இங்கு செய்யப்பட்டது. இந்த ஒன்றுக்காகவே அத்தொழிற்சாலையைப் பாராட்டலாம். நுண்ணிய உறுப்புகளை இணைக்கும் பணியில் பெண்கள் பெருந்தொகையினராக அமர்ந்தனர்.

பெங்களூரின் வடகிழக்கில் ஹென்னூர்ச் சாலையை ஒட்டி அமைந்த லிங்கராஜபுரம், தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதி. நகரின் மறுபுறத்தில் உள்ள ஜாலஹள்ளியிலிருந்து அது தொலைவுதான். ஆயினும் இத்தகைய குடியிருப்புகளில், அலமாரியின் அடித்தட்டில், துணியில் சுற்றி வைத்த ஒரு ஜனதாவோ பைலட்டோ அகப்படுவது அரிதன்று. திருமணத்தில் மாமனார் கட்டியது, முதல் சம்பளத்தில் வாங்கியது, பத்தாம் வகுப்புத் தேறியதற்குத் தகப்பனார் தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். அதை எடுத்துச் சாவி கொடுத்தால், பத்தாண்டு உறங்கிய கடிகாரமும் சில வேளை உடனே ஓடத் தொடங்கும். இந்த வியப்புக்குக் காரணம் அதன் அமைப்பில் உள்ளது.

உள்ளே நடப்பது என்ன?

சாவி கொடுக்கும்பொழுது விரலின் சக்தி மெயின் ஸ்பிரிங் என்னும் எஃகுப் பட்டையில் சேமித்து வைக்கப்படுகிறது. அது விரிய முயன்று, பற்சக்கர வரிசையைத் தள்ளுகிறது. தடையின்றி விட்டால் சில விநாடிகளில் முழுவதும் விரிந்துவிடும். அதைத் தடுத்து, ஒரு சமயத்தில் ஒரு பல் மட்டும் நகரும்படி விடுவது தப்புச்சக்கரமும் அதைப் பற்றி விடும் நெம்புகோலும். 'டிக் டிக்' என்னும் ஓசை இவ்விரண்டும் மோதும் ஓசையே. எப்பொழுது விடவேண்டும் என்று ஆணையிடுவது பாலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதை இப்புறமும் அப்புறமுமாக ஒரே கால அளவில் ஆட்டுவிக்கிறது. ஜனதா கடிகாரத்தில் இவ்வாட்டம் மணிக்கு 18,000. அதாவது விநாடிக்கு ஐந்து, ஒரு நாளில் 4,32,000. ஓராண்டில் பதினைந்து கோடிக்கு மேல் துடிக்கும் இந்தச் சக்கரத்தின் அச்சு நுனி ஊசிமுனையிலும் மெல்லியது.

அந்த நுனி தேய்ந்துபோகாமல் தாங்குபவையே 'கற்கள்'. முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்றிருப்பதைக் கண்டு, உள்ளே விலையுயர்ந்த மாணிக்கம் இருப்பதாக நினைப்போர் இன்றும் உண்டு. அவை செயற்கைக் கெம்பு. அலுமினிய ஆக்ஸைடுத் தூளைக் கொடுஞ்சுடரில் உருக்கிக் கெம்பு வளர்க்கும் முறையை 1902-இல் வெர்னய் என்னும் பிரெஞ்சு ரசாயனி அறிவித்தார். அதன் பிறகே மலிவான கடிகாரத்திலும் கல் வைப்பது சாத்தியமாயிற்று. ராஸ்கோப் எஃகு ஊசி கொண்டு சிக்கனம் செய்த இடத்தில், எச்.எம்.டி. கல்லையே வைத்தும் விலையை அடக்க முடிந்ததற்கு இதுவே ஒரு முக்கிய காரணம். வெப்பத்தால் சுருள்வில் தளர்வது மற்றோர் இடர். வெப்பத்தால் அதிகம் மாறாத நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த கியோம் என்பவருக்கு 1920-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சாமானியர் கையில் கட்டிய பொருளில் இத்தனை விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது.

இத்தகைய கடிகாரம் நாளொன்றுக்கு இருபது விநாடி பிசகுமானால், அப்பிழை 4,320-இல் ஒரு பங்கே. மூச்சை எண்ணுவதற்கோ மழையைக் குறிப்பதற்கோ இப்பிழை பொருட்படுத்தத் தக்கதன்று.

குவார்ட்ஸ் வந்த பின்

1969 டிசம்பர் 25-இல் ஜப்பானின் ஸெய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. இன்று வழக்கிலுள்ள குவார்ட்ஸ் கடிகாரங்களில் மின்செல் ஒன்று படிகத் துண்டை விநாடிக்கு 32,768 தடவை அதிரச் செய்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். மாணவர்களைக் கரும்பலகையில் செய்து பார்க்கச் சொல்லலாம். அந்த 'ஒன்று'தான் விநாடி முள்ளின் ஒரு நகர்வு. மாதத்திற்குச் சுமார் 15 விநாடிப் பிழை என்பது சாதாரண குவார்ட்ஸுக்கே எளிது. முதற்கண் மிக்க விலையுடையதாக வந்த இக்கருவி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாவிக் கடிகாரத்தைவிட மலிவாகிவிட்டது. 1983-இல் சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் 51 உறுப்புகளே கொண்ட பிளாஸ்டிக் கடிகாரமாக வெளிவந்தது. 1989-இல் வந்த காஸியோ எஃப்-91டபிள்யூ எண் கடிகாரம் இன்றும் உலகெங்கும் எளியோர் கையில் காணப்படுகிறது.

எச்.எம்.டி. இம்முறையை அறியாதிருக்கவில்லை, 1980-களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் கடிகாரங்களை அதுவும் வெளியிட்டது. ஆனால் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று விரிந்துவிட்ட அதன் பெரும் அமைப்பு சாவிக் கடிகாரத்தையே நம்பியிருந்தது. வாங்குவோர் வரிசையில் காத்திருந்த காலத்தில் முகப்பின் அழகைப் பற்றியும் கடையின் உபசாரத்தைப் பற்றியும் யார் கவலைப்படுவர்? டாட்டா குழுவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில் தொழிற்சாலை அமைத்து, குவார்ட்ஸையே முதன்மையாகக் கொண்டு 1980-களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தது. பின்னர் இறக்குமதியும் தளர்ந்தது. கைப்பேசியிலும் மணி தெரியலாயிற்று. நஷ்டம் ஆண்டுக்காண்டு பெருகி, 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் அளித்தது. ஜாலஹள்ளியில் இன்று ஒரு பாரம்பரியக் காட்சியகம் இருக்கிறது.

மூடப்படும் செய்தி பரவியதும், அதுகாறும் அலமாரியில் கிடந்தவற்றுக்குத் திடீரென்று மதிப்பு ஏறியது. சாவிக் கடிகாரத்தை இன்னும் இளைஞர் விரும்பி வாங்குவது ஏன் என்று கேட்கலாம். பழமையின் மீதுள்ள பற்று ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதனினும் வலிய காரணம், அதைத் திறந்து பழுது பார்க்க முடியும் என்பது. மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தின் மின்சுற்று கெட்டால் முழு யந்திரத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. ஜனதாவிலோ, கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி, கையில் சாமணம் ஏந்திய ரிப்பேர்க்காரர் எந்த உறுப்பையும் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் பூட்டலாம். அத்தொழில் அறிந்தோர் குறைந்து வருவதே இப்பொழுது உண்மையான கவலை. உறுப்பு கிடைத்தாலும் பூட்டும் கை கிடைக்க வேண்டுமே.

இந்த ஆர்வத்தைப் பயன்படுத்தி ஏமாற்றுவோரும் உளர். பல பழைய கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்று சேர்த்து, முகப்பில் பளபளப்பான புது வர்ணம் பூசி, 'பழைய சரக்கு, உபயோகிக்காதது' என்று விற்பது பரவலாக நடக்கிறது. தொழிற்சாலை ஒருபோதும் வெளியிடாத நிறங்கள், கோணலாக அச்சான எழுத்து, குறிக்கோடுகள் முட்களுடன் பொருந்தாமை ஆகியவை அதன் அடையாளங்கள். பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பது நலம்.

வீட்டில் உள்ள பழைய கடிகாரம் ஓடுகிறது என்பதற்காக அப்படியே கட்டிக்கொண்டு திரிவதும் தவறு. வருஷக்கணக்கில் கிடந்த எண்ணெய் உலர்ந்து பிசின் போலாகியிருக்கும். அந்நிலையில் ஓட்டினால் அச்சுகள் அரைபடும். முதலில் சுத்தம் செய்து எண்ணெயிடச் செய்தல் வேண்டும். அதன்பின் தினமும் காலையில் ஒரே நேரத்தில், கை தடைப்படும் வரை சாவி கொடுத்து, அதற்கு மேல் அழுத்தாது விட வேண்டும். ஒலிபெருக்கி, கைப்பேசி உறை முதலியவற்றின் காந்தத்திற்கு அருகில் வைத்தலாகாது. சுருள்வில் காந்தமேறினால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் திடீரென்று பல நிமிஷங்கள் விரைந்தோடும். திசைகாட்டியின் அருகே கொண்டுசென்றால் ஊசி விலகுவதிலிருந்து இதை அறியலாம்.

பள்ளிகளில் இதை வைத்துப் பத்து நாள் சோதனை ஒன்று செய்யலாம். தினமும் காலை ஆகாசவாணியின் நேர ஒலியோடு கடிகாரத்தை ஒப்பிட்டு, எத்தனை விநாடி முந்திற்று அல்லது பிந்திற்று என்று மாணவர் எழுதட்டும், முள்ளைத் திருத்தவேண்டாம். பத்தாம் நாளில் முதல் கடிகாரம் 200 விநாடி முந்தியிருந்து, ஒவ்வொரு நாளும் சரியாக இருபது முந்தியிருந்தால், அது நல்ல கடிகாரம். உள்ளிருக்கும் சிறு நெம்புகோலை '-' பக்கம் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும். மற்றொன்று பத்தாம் நாளில் ஐந்தே விநாடி முந்தியிருந்து, இடையில் ஒரு நாள் நாற்பது முந்தியும் மறுநாள் முப்பது பிந்தியும் ஓடியிருந்தால், அதனை ரிப்பேர்க்காரரிடமே அனுப்பவேண்டும்.