முள் பாதியில, டேங்க் காலி!

போன செமஸ்டர் எக்ஸாம் அன்னைக்கு எட்டயபுரம் ரோட்டுல என் பைக் நின்னுருச்சு. மீட்டர் முள் பாதியில நிக்குது. டேங்க்கைத் திறந்தா காலி. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, கண்ணுக்கெட்டின தூரம் பங்க் இல்லை. வெயில்ல தள்ளிட்டுப் போனதுல ஹாலுக்குள்ள அரை மணி நேரம் லேட்.

அப்புறம்தான் புரிஞ்சது: மீட்டர் பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை. டேங்க்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு. அது ஏறி இறங்கும்போது அதன் கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் தடத்தின் மேல் நகரும். அந்த ரெசிஸ்டன்ஸ் மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது.

முதல்ல சாவியை ஆஃப் பண்ணிட்டு, டேங்க்குக்குக் கீழே உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்க. தூசியோ பச்சைக் களிம்போ இருந்தா சுத்தம் பண்ணி மாட்டுங்க. சில சமயம் அதோட சரியாயிடும்.

சரியாகலைன்னா மெக்கானிக்கிட்ட மிதவை யூனிட்டைக் கழற்றச் சொல்லுங்க. பெட்ரோல் ஆவி வரும். திறந்த வெளியில, நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யணும். மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு மிதவையை மெதுவா நகர்த்தணும்.

ரீடிங் சீரா மாறினா யூனிட் நல்லாயிருக்கு. வயரையும் மீட்டரையும் பாருங்க. நடுவுல துள்ளினா தடம் தேஞ்சிருக்கு. மிதவையே நகரலைன்னா சிக்கியிருக்கு. என் வண்டியில அதான் கோளாறு.

பழைய கார்ப்புரேட்டர் வண்டின்னா ரிசர்வ் திருப்பிக்கலாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல பெரும்பாலும் அது கிடையாது.

அதனால டேங்க் நிரப்பினதும் ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. 10 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 45 கிலோமீட்டர்னா, 350லயே பங்க்குக்குப் போயிடுங்க. முள் என்ன சொன்னாலும் சரி!