உங்களுக்குத் தெரியுமா? இடம் மாறும் கோசி ஆறு

இமயமலையிலிருந்து பீகார் சமவெளிக்கு இறங்கும் கோசி ஆறு, சுமார் 200 ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்திருக்கிறது. காரணம் வெள்ளம் மட்டுமல்ல, வண்டலும்தான். மலைச்சரிவில் வேகமாகச் சுமந்துவந்த மணலையும் சேற்றையும் சமவெளியில் ஆற்றால் இழுத்துச்செல்ல முடிவதில்லை. அவை படிந்து படுகை மேடாகும்போது, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து தாழ்வான பக்கம் தாவுகிறது; விட்டுச்சென்ற வண்டல் விசிறிபோல் விரிந்த நிலமாகிறது. கரை கட்டினால் அடங்காதா என்று கேட்கலாம். 1950களில் தொடங்கிக் கட்டிய கரைகள் நகர்வைத் தடுத்தது உண்மைதான். ஆனால், வண்டல் அவற்றுக்கு நடுவிலேயே குவிந்து படுகையை உயர்த்தியது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசகாவில் கரை உடைந்தபோது ஓடிய நீர், கரை தாங்கவேண்டிய அளவைவிட மிகக் குறைவு. ஆறு கிழக்கே பழைய தடத்தில் பாய்ந்தது. வண்டலுக்கு வழி காணாத வெள்ளத் தடுப்பு பாதித் தீர்வே.