டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

தரைக்கு டைல் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், சதுர அடி விலையைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13006, பொடியை அழுத்திச் செய்யும் டைல்களில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாதவற்றையே பீங்கான் டைல் என்ற வகுப்பில் வைக்கிறது. அதாவது 10 கிலோ டைலுக்குள் புகும் நீர் 50 கிராமைத் தாண்டக் கூடாது. சுவருக்கென்று செய்யும் செராமிக் டைல் அதே எடைக்கு ஒரு கிலோவுக்கு மேல் குடித்துவிடும். நம் கடைகளில் ‘விட்ரிஃபைட்’ என்று விற்கப்படுவது இந்தப் பீங்கான் டைல்தான். அதன் வலிமை, கறை தாங்கும் குணம், ஒட்டும்போது வரும் சிக்கல் எல்லாமே இந்த ஒரு சிறு எண்ணிலிருந்து கிளைப்பவை.

அந்த எண்ணைத் தீர்மானிப்பது உலை. இந்தியாவின் டைல் உற்பத்தியில் பெரும்பங்கைத் தரும் குஜராத்தின் மோர்பியில், களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றையும் பெரிய உருளை அரவை இயந்திரங்களில் தண்ணீர் விட்டுப் பல மணி நேரம் அரைத்துக் கூழாக்குகிறார்கள். கூழை உயரமான கோபுரத்துக்குள் சூடான காற்றில் தெளித்தால், 5, 6 சதவீத ஈரம் மட்டும் தங்கிய மணி மணியான பொடியாக உதிர்கிறது. அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இறுக்கி, உலர்த்தி, சுழலும் உருளைகள் மீது நகர்த்தி நீண்ட உலைக்குள் அனுப்புகிறார்கள். சுமார் 1200 டிகிரி செல்சியஸில் ஃபெல்ட்ஸ்பார் உருகுகிறது. கடலை உருண்டையில் வெல்லப்பாகு புகுந்து இறுகுவதைப் போல, உருகிய கண்ணாடி துகள்களுக்கு இடையில் பாய்ந்து துளைகளை அடைக்கிறது. களிமண்ணிலிருந்து முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் வளர்ந்து அந்தக் கண்ணாடிக்குள் பின்னிக்கொள்கின்றன. துளைகள் மூட மூட டைல் சுருங்கும். எல்லா டைலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை என்பதால்தான், விலை கூடிய ரகங்களில் ஓரங்களை வைரச் சக்கரத்தால் சீவி நேர் செய்கிறார்கள். தண்ணீர் புகாத தன்மையும் உறுதியும் இந்த ஒரே நிகழ்வில் பிறப்பவை. ஒன்றை அளந்தால் மற்றொன்றைப் பெருமளவு ஊகித்துவிடலாம்.

கடையில் காதில் விழும் ரகப் பெயர்கள், இந்த உடலுக்கு மேற்புறத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்பவை. ஃபுல் பாடி என்றால் நிறம் பொடியிலேயே கலந்து, முழுத் தடிமனுக்கும் ஓடும். டபுள் சார்ஜில் இரண்டு அடுக்காகப் பொடி போட்டு அழுத்துவார்கள். நிறமுள்ள மேலடுக்கு 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். ஜி.வி.டி. என்பதில் மேலே கிளேஸ் பூசி, மார்பிள் அல்லது மரத்தின் வரியை டிஜிட்டல் முறையில் அச்சிட்டுச் சுடுகிறார்கள். அதையே மெருகேற்றினால் பி.ஜி.வி.டி. “ஜி.வி.டி. வெறும் பெயின்ட், டபுள் சார்ஜ்தான் உறுதி” என்று சொல்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. கிளேஸ் என்பது உடலோடு சேர்ந்து உருகிய கண்ணாடி. பாரம் தாங்குவது அடியில் இருக்கும் உடல், 7.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள பீங்கான் டைல் எந்த ரகமானாலும் குறைந்தது 1300 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்றே தரநிலை கேட்கிறது. வேறுபாடு தேய்மானத்தில் இருக்கிறது. செருப்புக்கால் மணலோடு நாள் முழுக்க மிதிபடும் கடையில் கிளேஸ் தேய்ந்தால் படமும் போய்விடும்; அங்கே டபுள் சார்ஜோ ஃபுல் பாடியோ போடுவதுதான் சரி. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வீட்டுக் கூடத்துக்கு, தேய்மானத் தரம் பார்த்து வாங்கிய ஜி.வி.டி. தாராளமாகப் போதும். இன்னொன்று: கிளேஸ் இல்லாத டைலை மெருகேற்றும்போது உள்ளே மூடிக் கிடந்த நுண்துளைகள் வாய் திறக்கின்றன. அவற்றைச் சரியாக அடைக்காவிட்டால், தண்ணீர் குடிக்காத அதே டைலில் மஞ்சள் கறை ஏறும்.

நீர் உறிஞ்சாமை ஒன்றே போதுமா என்று கேட்டால், போதாது. குளியலறைத் தரைக்கு வழுக்காத சொரசொரப்பு வேண்டும். மெருகேற்றிய டைல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அங்கே ஆபத்து. சுவரில் யாரும் நடப்பதில்லை என்பதால், எடை குறைந்த செராமிக் டைலே அதற்குப் பொருத்தம், செலவும் குறைவு. பீங்கான் டைலின் பெரும் சங்கடமும் அதன் சிறப்பிலிருந்தே வருகிறது. சாதாரண டைல் சிமென்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பீங்கான் டைலில் சிமென்ட் வேர்பிடிக்கத் துளை இல்லை. அதைத் தொட்டியில் ஊறவைத்து எடுப்பதாலும் பயன் இல்லை. பழைய வழக்கப்படி வெறும் கலவையில் பதித்தால், தட்டும்போது வெற்றொலி கேட்கும், நாளடைவில் கிளம்பியும் வரும். இதற்குப் பாலிமர் சேர்த்த டைல் பசை வேண்டும், ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரநிலை அதற்கென்றே இருக்கிறது. பல்லுள்ள கரண்டியால் பசையை வரிவரியாக இழுத்து, டைலின் அடிப்பக்கம் முழுவதும் படும்படி அழுத்திப் பதிக்க வேண்டும். நடுவில் ஐந்து உருண்டை வைத்து ஒட்டுவது கூடாது. இரண்டு டைல்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, அதைப் பிறகு கிரவுட்டால் நிரப்ப வேண்டும்.