தோல் பேசும் ஊர்கள் – 11: காலைப் பார்த்து அடிக்கிறவர்

போன வாரம் அமெரிக்க டிரம் கார்ப்ஸ் என்னும் அணிவகுப்பு இசைக்குழுக்களின் போட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தத் தாளங்களை அமைத்துக் கொடுப்பவர்களில் எனக்குப் பிடித்தவர் யார் என்று பாலக்கோட்டு நண்பர் ஒருவர் கேட்டார். ரால்ஃப் ஹார்டிமன் என்றேன். 1989இல் சாண்டா கிளாரா வேன்கார்டு பட்டம் வென்றபோது அதன் தாளப் பகுதி அவர் கைவண்ணம். அங்கே பேஸ் டிரம்கள் ஒவ்வொன்றும் ஒரு சுருதி. ஒரே வரியைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஓர் அடியாகப் பங்கு வைப்பார்கள். ஒருத்தன் இமைத்தாலும் வரி நொண்டும். அதே குழுவில் அவருக்கு முன்னோடி ஃபிரெட் சான்ஃபோர்டு. ஆண்டுதோறும் சிறந்த தாளக்குழுவுக்குத் தரும் விருதுக்கு இன்று அவர் பெயர்தான்.

சொல்லி முடித்ததும் நண்பர் சிரித்தார். "நம்மூர்ல யாரும் இல்லையா?"

இருக்கிறார். பெயரைத்தான் எழுத முடியாது. திருவிழா நோட்டீஸிலும் அவர் பெயர் இருக்காது. 'பம்பை, உடுக்கை, சிலம்பு' என்று ஒரு வரி, பக்கத்தில் ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.

பம்பை என்பது இரட்டை முழவு. ஒன்று மரம், மற்றது வெண்கலம் அல்லது பித்தளை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி இடுப்போடு தொங்கவிட்டுக்கொள்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து அம்மன் கோயில்களில் இது இல்லாமல் கரகம் எழும்பாது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரியைப் பிரித்தார்கள், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைப் பிரித்தார்கள். பம்பைக்காரருக்கு மூன்றும் இன்னும் ஒரே மாவட்டம். மாசியில் மயானக் கொள்ளை, அப்புறம் மாரியம்மன், திரௌபதி அம்மன் என்று அவர் நாள்காட்டி தனி.

பென்னாகரம் பக்கம் ஓர் ஏரிக்கரை. கரகம் ஜோடித்து வைத்திருந்தார்கள். தூக்க வேண்டிய பூசாரி ஈர வேட்டியோடு நிற்கிறார். நம்மவர் முதலில் வர்ணிப்பை எடுத்தார், நிதானமான நடையில். அம்மனின் கண், மூக்கு, நெற்றிப் பொட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம். பிறகு பம்பையைச் சட்டென்று நிறுத்தினார். உடுக்கை மட்டும் சன்னமாக. அப்புறம் சிலம்பு சேர்ந்தது. அப்புறம் மூன்று பம்பையும் ஒன்றாக, இரட்டை நடையில்.

சாமி வரவில்லை.

கூட்டம் நெளிந்தது. நானாக இருந்தால் இன்னும் வேகத்தைக் கூட்டியிருப்பேன். அவர் பழைய நடைக்கே இறங்கினார். வர்ணிப்பை விட்டுவிட்டு எல்லைச் சாமிகளைப் பெயர் சொல்லி அழைக்க ஆரம்பித்தார். ஏழெட்டுப் பெயர் போனது. திடீரென்று இடக்கையை உயர்த்தினார். கூட இருந்த இருவரும் ஒரே நொடியில் நடை மாற்றினார்கள். அடுத்த நொடி பூசாரி எகிறினார்.

அவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? விடிகாலை டீக்கடையில் கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க சார், அது நடிக்கும். காலப் பாக்கணும். பெருவிரலு மண்ணக் கிள்ளுச்சுன்னா வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

ஹார்டிமன் மாதக்கணக்கில் எழுதித் திருத்தி, கோடை முழுக்கப் பயிற்சி கொடுத்து, கடைசியில் நடுவரிடம் ஒப்படைக்கிறார். 1983 வரை அங்கே தவறுக்குத் தவறு புள்ளியில் பத்தில் ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் நிற்கிற இடத்திலேயே அமைக்கிறார், அங்கேயே கலைக்கிறார். அவருடைய நடுவர் ஈர வேட்டியோடு எதிரில் நிற்கிறார். பத்தில் ஒன்று என்ற கழிவெல்லாம் இங்கே கிடையாது. வரும், இல்லாவிட்டால் வராது.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூர்க்காரர்களுக்குத் தோல்கருவியைக் கவனிப்பது புதிதல்ல. பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி ஓசை வந்தாலே போர் என்று எழுந்துவிடுவானாம் அந்த ஊர் மன்னன் அதியமான். ஔவையார் புறநானூற்றின் 89ஆம் பாட்டில் சொல்கிறார். காற்றுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாத ரசிகன்தான், ஆனாலும் என்ன காது!

பறைக்காரர்களிடம் தாள அமைப்புக்குப் பெயராவது உண்டு. ஒத்தையடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, சினிமா அடி என்று நீளும். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது அந்த அடிகள் டில்லி வரை கேட்டன. பம்பைக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை.

வந்திருப்பதெல்லாம் போட்டிதான். ஒரு பக்கம் கேரளச் செண்டை, இன்னொரு பக்கம் நாசிக் டோல், எல்லாவற்றுக்கும் மேலே டிஜே. சில செட்டுகள் எலெக்ட்ரானிக் பேடு வாங்கிவிட்டன. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் பேடு இல்லையென்றால் கல்யாண ஊர்வலத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கோயிலை மட்டும் நம்பினால் ஆடி முடிந்ததும் அடுப்பு அணையும். நம்மவர் மகனும் பேடுதான் வாசிக்கிறான்.

"பையன் எப்படி?" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கை நல்லாத்தான் இருக்குதுங்க. குனிஞ்சு பொத்தானையே பாத்துக்கிட்டு அடிக்கிறான்."