பனிக்குட நீரும் பட்டாசு ஆலை வெயிலும்

ஏழாம் மாத ஸ்கேனில் "தண்ணி கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று மாலையே வீட்டில் இளநீர்க் குலை இறங்கிவிடும். தவறில்லை. ஆனால் எல்லாக் குறைவுக்கும் இளநீர் மருந்தாகாது.

முதல் மாதங்களில் பனிக்குட நீர் பெரும்பாலும் தாயின் ரத்தத்திலிருந்து ஊறுகிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அதில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். முகம் சுளிக்க வேண்டாம். கழிவுகளை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடலே வெளியேற்றிவிடுகிறது. குழந்தை அந்த நீரை விழுங்கும், மறுபடி கழிக்கும், நுரையீரலுக்குள் இழுத்து வெளியே விடும். நீர் வெகுவாகக் குறைந்தால் நுரையீரல் வளர்ச்சியே தடைபடும். 34-ஆம் வாரவாக்கில் ஏறத்தாழ 800 மில்லி வரை பெருகி, பிறகு மெல்லக் குறையும்.

அதனால்தான் மருத்துவர் தாகத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. குடம் கசிகிறதா, நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் சரியா, குழந்தையின் சிறுநீரகம் இயங்குகிறதா, தாய்க்கு ரத்தக்கொதிப்பு உண்டா என்று பார்க்கிறார். (நீர் அளவு மீறினாலும் சிக்கல்தான், தாயின் சர்க்கரை நோய் அதற்கு ஒரு காரணம்.)

தாயின் உடல் வறண்டு நீர் குறைந்திருந்தால் மட்டும், நிறையக் குடிப்பது ஓரளவு கைகொடுக்கும். பட்டாசு ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. பட்டாசு மருந்து கையாளும் அறைகளில் தீப்பொறிக்கு அஞ்சி மின்விசிறி வைப்பதில்லை. சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து வேலை செய்யும் பெண், கழிவறைக்கு எழுந்து போனால் பீஸ் கணக்குக் கூலி குறையுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டால், சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

உள்ளாடை திடீரென நனைந்தாலோ, நீர் பச்சையாகக் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்கலாம்.

பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னால் உள்ள ஒரு மாதத்தில் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே தொடரும் விதி. நீர் உச்சத்தை எட்டும் அந்த 34-ஆம் வாரமும் ஏறக்குறைய அதற்குள்தான் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பெண்ணே வாய்திறந்து கேட்க வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் எப்படிக் கேட்பார்?