ஆபரேஷன் வலிக்கு அக்குபங்சர்: எதுவரை நம்பலாம்?

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உபாதைக்கு அக்குபங்சர் என்ற பேச்சு மேற்குலகில் பரவியது 1971-ல். பெய்ஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் அகற்றப்பட்டது. ஊசி குத்தியே வயிற்றைத் திறந்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் வழக்கமான மரப்பு மருந்து கொடுத்துத்தான் அறுத்தார்கள். அக்குபங்சர் செய்தது அதன் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கு.

1997-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டல், வாந்திக்கும் பல் அறுவைக்குப் பிந்தைய வலிக்கும் இது பயன்படுவதாகச் சொன்னது. மற்ற ஆபரேஷன்களில் வலியும் வலி மருந்தின் தேவையும் ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் போலி ஊசியோடு (சிகிச்சை போல் பாவனை மட்டும் செய்வதோடு) ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. ஆகவே இது துணைச் சிகிச்சை, மருந்துக்கு மாற்று அல்ல.

பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, "மாத்திரையை நிறுத்துங்கள்" என்ற பேச்சில் இருக்கிறது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திடீரென ஏறினால் தையலில் சீழ் வைத்திருக்கலாம், கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம், மாவுக்கட்டு இறுகியிருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியவர் ஆபரேஷன் செய்த டாக்டர்.

ஊசிக்கும் ஆபத்துகள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்சாரம் பாய்ச்சும் அக்குபங்சரைத் தவிர்க்க வேண்டும். மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே உலை. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவரோ உரிய பயிற்சி பெற்றவரோ அக்குபங்சர் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் உத்தரவிட்டது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் தனிச் சட்டமே இயற்றியிருக்கின்றன. சிகிச்சை தருபவரின் பயிற்சிச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது நோயாளியின் உரிமை.

பாதிப்பு நேர்ந்தால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் சிகிச்சை ஆவணங்களைக் கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறி விதி. கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ரசீது முக்கியம். அதைத் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.